எத்தனை மாசமா

எர்ணாவூர் தாண்டி வரிசை நின்றுவிட்டால்
துறைமுக வாசல் வரை அது ஊராது, கிடக்கும்.
முன்னால் நூற்றுச் சொச்சம் டிரெய்லர்.
பின்னால் எத்தனை என்று பார்ப்பதை
போன வருஷமே விட்டுவிட்டேன்.
இன்ஜினை அணைத்தால் கொசு.
அணைக்காவிட்டால் டீசல் கணக்கு.

இரண்டு நாற்பதுக்கு வண்டி ஒரு முழம் நகர
இடது கால் கிளட்சை மிதித்தது.
மிதித்ததா என்று
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
காலுக்கும் எனக்கும் நடுவே
யாரோ ஈரக் கோணியை மடித்து வைத்த மாதிரி.

'கால் மரத்துப்போகுது' என்று போனில் அடித்தேன்.
நரம்பு என்றது.
தண்டுவடம் என்றது.
கட்டைவிரலால் தள்ளத் தள்ள
யார்டில் அடுக்கும் பெட்டிகளாய்
நோயின் மேல் நோய் ஏறியது.
நாலாம் பக்கத்தில் நான் செத்துப்போயிருந்தேன்.
ஐந்தாம் பக்கத்தில் ஒருவர்
செங்கல்லைச் சூடாக்கு, எருக்கிலை போடு,
பாதத்தை ஊன்று என்று
என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

தண்டையார்பேட்டை கிளினிக்.
டோக்கன் முப்பத்தொன்று.
'கூகுள் பார்த்துவிட்டு வருபவர்கள் கூகுளிடமே மருந்து வாங்கவும்',
கம்பவுண்டர் டில்லிபாபு கைப்பட எழுதி ஒட்டியது.
அதன் நேர்கீழே ஒரு பெண்
ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து
அர்த்தம் என்னவென்று
போனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
நான் என்னுடையதைச் சட்டைக்குள் தள்ளினேன்.

'அமல்ராஜ்.'

டாக்டர் மெகருன்னிசா செருப்பைக் கழற்றச் சொன்னார்.
குதிகாலில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம்,
உடைந்து, கறுத்து.
'இது என்ன?'
'செங்கல், டாக்டர். எருக்கிலை.'
'சுட்டது தெரியலையா?'
'சுடலை.'

மூலக்கொத்தளம் பக்கம் வளர்ந்தவன் நான்.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டென்பது
சொன்ன பிறகுதான் உறைத்தது.
அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.
மின்விசிறியை ஒருமுறை பார்த்தார்.

'எங்க படிச்சீங்க? காட்டுங்க.'

திட்டுவார் என்று இருந்தேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
முழுசாகப் படித்தார், கீழே கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்து.
'நரம்புன்னு போட்டது சரிதான்.
தண்டுவடம் இப்ப வேணாம்.
செங்கல்... ' நாக்கைத் தட்டினார்.
பின்னுக்குப் போக விரலை இழுத்தபோது
நான் தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

காலுக்குக் கீழே, முந்தின ராத்திரி கேட்டது.
அதற்கும் கீழே, அதற்கு முந்தின ராத்திரி.
ஒரே கேள்வி.
மூன்று விதமாக அடித்திருந்தேன்,
மூன்றாவதில் எழுத்துப்பிழையோடு.
ஜெசிந்தாவிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்திருக்கும் கேள்வி.
ஆண் டாக்டராய் இருந்தாலும்
வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.
சீட்டைப் பார்த்தபடியே
'எத்தனை மாசமா?' என்றார்.

கொருக்குப்பேட்டைப் பக்கம்
கூட்ஸ் ஒன்று முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

'ஆறு.'

காலா என்று அவர் கேட்கவில்லை.
'ரெண்டும் ஒரே குழாயில வர்ற தண்ணிதான்.
மொதல்ல குழாயைப் பார்ப்போம்.
நாளைக்கு வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுங்க,
மூணு மாசச் சர்க்கரையும் சேர்த்து.'
புண்ணுக்கு எழுதினார்.
அப்புறம் ஒரு வரி, சின்ன எழுத்தில்.
'இதோட பேரைத் தேடாதீங்கன்னு சொன்னாலும் தேடுவீங்க.
தேடினதை எடுத்துட்டு வாங்க.'

கதவருகில் கூப்பிட்டார்.
'அந்தச் செங்கல் ஆளோட பக்கத்தை எனக்கு அனுப்புங்க.
இந்த வாரத்துல நீங்க மூணாவது கால்.'

வெளியே ஸ்கேன் பெண்
என் முகத்தைப் படிக்கப் பார்த்தாள்.
'திட்டுவாங்களாண்ணா?'
'போனைக் காட்டும்மா.'
'எல்லாத்தையுமா?'

நான் குனிந்தேன்.
செருப்பு காலில் ஏறிவிட்டதா என்று
பார்க்க வேண்டியிருந்தது.