முதல் அடி

ஐந்தேகாலுக்கு அலாரம்.
இறங்கி வைக்கும் முதல் அடியில்
குதிகாலுக்குள் ஒரு பல்பு உடைகிறது.
பத்தடி நடந்தால் பழகிவிடும்.
பொதுக் கழிப்பறை வரிசைக்குச்
சரியாகப் பத்தடி.

சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாபளே
கட்டைவிரலால் ஒரே அழுத்து.
'நாளுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாய்?'
'பதினோரு மணி நேரம். செருப்புக் கடை.'
சிரித்துவிட்டார். அப்புறம்
சிரித்ததற்கு வருத்தப்பட்டார்.

தாதரில் ஊரார் கால்களை
மடியில் வாங்கிப் பார்ப்பவள் நான்.
பெருவிரல் சாய்ந்து அடுத்ததன் மேல் ஏறிய கால்.
மழை முழுக்க ஈர ஷூவில் வெந்து
விரலிடுக்கு வெளுத்த ஜூலைக் கால்.
மிளகளவு ஆணிக்கு வெட்கப்பட்டு
சாக்ஸ் கழற்றாத கால்.
சாயங்காலம் வந்து வாங்குங்க,
பொழுது சாய்ந்தால் பாதம் கொஞ்சம் உப்பும்,
முனை அகலமா எடுங்க என்பேன்.
ஒரு நம்பர் சின்னதுக்குத்தான் பில் போடுவோம்.

சீட்டில் முதல் வரி: ஓய்வு.
மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லை.
இரண்டாவது, சிலிக்கான் திண்டு. அடுத்த சம்பளத்தில்.
மூன்றாவது, உறைந்த தண்ணீர் பாட்டிலைப்
பாதத்தடியில் உருட்டு.

பக்கத்து ஜூஸ் கடை மோயின்
ஐஸ் பெட்டியில் எனக்கொரு மூலை தந்திருக்கிறான்.
கவுண்டருக்குக் கீழே கால் உருட்டும்,
மேலே வாய் விலை சொல்லும்.

நேற்று வழுக்கி ஓடிவிட்டது பாட்டில்,
கடை நடுவே, முதலாளி பார்க்க.
பூட்ஸ் கழற்றி உட்கார்ந்திருந்த
டிராஃபிக் போலீஸ்காரி காலால் நிறுத்தினாள்.
குனிந்து எடுக்கவில்லை.
கண்ணை மூடி
இரண்டு தரம் தானும் உருட்டிவிட்டு
என் பக்கம் தள்ளினாள்.