உள்ளீடு ஒன்று

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
துத்தநாகக் கூரையில் ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது.
எந்த ஆணி என்று காற்றுக்கு மட்டும் தெரியும்.

தீர்வையற்ற கடைத்தெருவில்
விற்பனைப் பையன் ஒரு கண்டென்சர் மைக்கை
பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துக் காட்டினான்.
"கொசு சிறகடித்தாலும் பிடித்துவிடும், சென்யோரா."
இந்த ஊரில் கொசு இல்லை என்றேன்.
அடுத்த வீட்டு மிர்த்தாவின் தொலைக்காட்சி,
கணப்பு அடுப்பின் டிக் டிக்,
ஜலசந்தியில் கப்பல் ஊதுவது
இதெல்லாம் எனக்கு வேண்டாம்.
உதடு ஒட்டினால் மட்டும் காது கொடுக்கும்
டைனமிக் மைக் போதும்.
கலைந்துபோன ஒரு ஜெபக் குழுவிடம்
பாதி விலைக்குக் கிடைத்தது.
அதன் வலையில் ஒரு பள்ளம்,
யாருடைய பல்லோ.

நண்டுத் தொழிற்சாலையில் எடை போடுகிறவள் நான்,
கிராம் கணக்கில் சந்தேகப்படத் தெரியும்.
நாலு துளை இன்டர்ஃபேஸாக எடு, நாளைக்கு உதவும் என்றான் எலியேசர்.
ஒரு வாய், ஒரு கிட்டார்.
இரண்டு துளை எடுத்தேன்.
யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குக் காசில்லை:
மைக்கைத் துடைப்பக் கட்டையில் கட்டினேன்.

மென்பொருளுக்கு யாரும் காசு கேட்கவில்லை.
மைத்துனன் திராகோ பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி
அர்தோர் என்று ஒன்றைத் திறந்து வைத்தான்.
எங்கள் பேச்சில் அது நெஞ்செரிச்சல்.
யார் யாரோ கட்டி, யார் யாரோ பூசி,
பூட்டாமல் விட்டுப்போன வீடு அது.
விளக்குச் சுவிட்ச் எங்கே என்றுதான்
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பஃபரை ஆயிரத்து இருபத்து நான்கில் வைத்தால்
என் குரல் படகைத் தவறவிட்டவன்போல் பின்னால் ஓடி வருகிறது.
அறுபத்து நான்கில்
காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறிக்கிறது.
இருநூற்று ஐம்பத்தாறில் நாங்கள் சமாதானமானோம்.

சுற்றிலும் ஏழு ஆட்டுத்தோல்கள் தொங்கவிட்டேன்.
நனைந்த மந்தைக்கு நடுவே நின்று பாடினேன்.
கணப்பை அணைத்தேன், விரல் விறைத்தது.
குளிர்பெட்டியையும் அணைத்து
மறக்காமலிருக்க லாரிச் சாவியை அதற்குள் போட்டேன்.

மூன்று வாரம், பதினோரு பாட்டு.
இன்டர்ஃபேஸின் பச்சை விளக்கு
ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டியது.
எல்லாம் டைனமிக்கின் இதம் என்று
மிர்த்தாவிடம் பெருமை அடித்தேன்.
கூரை மட்டும் எப்படி உள்ளே வருகிறது என்று புரியவில்லை.
எட்டாவது தோல் வாங்கினேன்.

நேற்று பேனா நழுவிக் கணினி மூடியில் விழுந்தது.
திரையில் மானி சிவப்புக்குப் பாய்ந்தது.
மைக்கைத் தட்டினேன்.
மானி அசையவில்லை.
மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன்.
சிவப்பு.

உள்ளீடு ஒன்று: கணினியின் சொந்த மைக்.

இத்தனை நாளும் ஒரு செவிடனின் வாயோடு வாய் வைத்துப் பாடியிருக்கிறேன்.
கேட்டுக்கொண்டிருந்தது
பக்கவாட்டில், மூடியில், ஓர் ஊசித்துளை.
தலையாட்டுகிறவர்கள் கேட்கிறார்கள் என்று
இந்த வயதிலும் நம்பியிருக்கிறேன்.

பட்டியலை இறக்கி இரண்டாவதைத் தேர்ந்தேன்.
முதல் பாட்டை மறுபடி பாடிக் கேட்டேன்.

காற்று இல்லை.
ஆணி இல்லை.
மிர்த்தா இல்லை.
ஒவ்வொரு வரியின் முடிவிலும்
கடைசி அசைக்கு முன்பே என் மூச்சு தீர்ந்துபோகிறது.
அதைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது என்று
பழி போட்டிருந்தேன்.
காற்று அங்கே வந்து நின்று
மறைத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறது.

பதினொன்றையும் அழிக்கவில்லை.
புதிய தடம் திறந்தேன்.
மூச்சை இந்தத் தடவை விலா வரை இழுத்தேன்.

"யாஸ்னா, சாவி எங்கே?
போர்வெனிர் படகுக்கு இருபது நிமிடம்தான்!"
வாசலிலிருந்து எலியேசர் கத்துகிறான்.

மைக்குக் கேட்கவில்லை.
எனக்கும்.