பறிமுதல் பதிவேடு

உருப்படி ஒன்று: பாண்டெய்ரோ எனும் கைப்பறை.
ஆட்டுத்தோல். விளிம்பில் ஐந்து ஜோடிச் சில்லு, ஒரு ஜோடி கழன்றது.
கிடைத்த இடம்: ரியோ துறைமுகத்துக்குப் பின்னே
சலவைக்காரி பென்வின்டாவின் கொல்லை.
கைதானவன்: ஒனோரியோ.
குற்றம்: வேலைவெட்டியின்றித் திரிதல்.
(பகலெல்லாம் காப்பி மூட்டை சுமந்த தோள்
ராத்திரியிலும் மணத்தது.
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.)

நான் எழுத்தர் அனக்லேட்டோ.
பார்த்ததை எழுதுவேன்.
கேட்டதை எழுதச் சம்பளம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமையும் போனோம்.
தோல் இல்லை, கோல் இல்லை, சத்தம் மட்டும் இருந்தது.
பென்வின்டா ஒரு கையில் பீங்கான் தட்டு,
மறு கையில் கத்தி.
விளிம்பைச் சுரண்டச் சுரண்ட
பாஹியாவின் கரும்புக்காடு
கொல்லையில் சரசரத்தது.
சுற்றிலும் உள்ளங்கைகள்.
நடுவில் ஆடினவள் சுழன்று வந்து
இன்னொருத்தியின் தொப்புளுக்கு நேரே
தன் தொப்புளால் ஓர் இடி.
அவ்வளவுதான் அழைப்பு.
இவள் விலக, அவள் உள்ளே.

"அங்கோலாவில் இதை செம்பா என்பார்களாம்"
என்றாள் பென்வின்டா, யாரும் கேட்காமலே.
"கொடியை அறுத்துக் கப்பலேற்றினார்கள்.
அறுத்த இடத்தைத்தான் முட்டிப் பார்த்துக்கொள்கிறோம்."

சார்ஜென்ட் தட்டைக் கேட்டார்.
"கழுவித் தரட்டுமா, ஐயா?"

உருப்படி இரண்டு: தட்டு. பயறு ஒட்டியது.
எழுதினேன். அடித்தேன்.
தட்டைப் பிடுங்கினால் சட்டி,
சட்டியைப் பிடுங்கினால் தீப்பெட்டி.
உள்ளங்கையை எந்த அலமாரியில் பூட்ட?

அப்புறம் எல்லாம் என் பேனாவுக்கு எட்டாத வேகம்.
குன்றேறிப் போனது.
ரயிலேறிப் புறநகர் போனது.
இசைத்தட்டில் சுழன்றது.
வானொலி வந்ததும் இன்ஸ்பெக்டரின் மனைவி
ஜன்னலைத் திறந்துவைத்தாள்.
ஒரு கார்னிவலின்போது எங்கள் லத்திகளே
கூட்டத்தை ஒதுக்கி
ஆட்டத்துக்கு வழிவிட்டன.

அந்த வாரம் ஒனோரியோ வந்தான், மீசை நரைத்து.
"பதினெட்டு வருஷம் முந்தி, என் பாண்டெய்ரோ ஒன்று..."
ரசீது கேட்டேன். சிரித்தான்.

கிடங்கில் இருந்தது.
தோலை எலி தின்றிருந்தது;
மரவளையமும் நாலு ஜோடிச் சில்லும் மிச்சம்.
வாங்கித் தூக்கிப் பிடித்து
அந்த வட்டம் வழியே என்னைப் பார்த்தான்.

"கையெழுத்து எங்கே போட?"

இடத்தைக் காட்டத்தான் மேசையில் விரல் வைத்தேன்.
வைத்த விரல் சும்மா இருக்கவில்லை:
டக். டக்குடக். டக்.

"தப்பு, ஐயா" என்றான்.

எதைச் சொல்கிறாய் என்று
நான் கேட்கவில்லை.