இரண்டு லட்சத்துக்குக் காவல்

ஷியாமென் நகரம் முடிந்து
நெடுஞ்சாலை வளைகிற இடத்தில்
முன்பு சேப்பங்கிழங்கு போட்டிருந்தார்கள்.
இப்போது சைக்கிள்.

மஞ்சள் ஒரு பாத்தி,
ஆரஞ்சு ஒரு பாத்தி.
விதைத்தவர் யாருமில்லை,
லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது.
ஒன்றன் விலாவுக்குள் இன்னொன்றின் ஹேண்டில்பார்;
எதையும் தனியாக உருவ முடியாது.
கிரேன் வந்தால் நாற்பது சேர்ந்து எழும்பும்,
கூடையில் கிடக்கும் நண்டுகள் போல
ஒன்றின் காலை ஒன்று விடாமல்.

என் பெயர் கெங் ஹுங்லியாங்.
ராத்திரிக் காவல்.
எதற்குக் காவல் என்று மாமனார் கேட்கிறார்.
திருடன் வந்தால்
நானே ஏணி பிடிப்பேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மஞ்சள்காரனிடம் முன்பணம் கட்டியிருந்தார்,
நூற்றுத் தொண்ணூற்றொன்பது யுவான்.
கூட்டத்தில் மஞ்சளைப் பார்த்தால்
இன்னும் முகம் திருப்பிக்கொள்கிறார்.

அந்த வருஷம் நான் தியான்ஜினில் இருந்தேன்.
மணி பூட்டும் வரிசை.
பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று.
பூட்டியதும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும்,
அது விதி.
மூன்று ஷிப்டும் டிங் டிங் என்றே விடிந்தன.
யாருக்கு இத்தனை என்று கேட்டேன்.
எதிர்க் கம்பெனிக்காரன்
நம்மைவிட அதிகம் போடுகிறான் என்றான் மேஸ்திரி.
அது பதில்தான் என்று
அன்றைக்கு எனக்கும் பட்டது.

என் அறை மூன்று கிலோமீட்டர்.
காலையில் நடந்துதான் போகிறேன்.
இவற்றின் பூட்டைத் திறக்க
ஃபோனைக் காட்ட வேண்டும்.
ஃபோனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனி
போன வருஷமே விளக்கை அணைத்துவிட்டது.
பூட்டு மட்டும் இன்னும் விசுவாசமாய் இருக்கிறது.

சக்கரக் கம்பிகளில் பாகல் கொடி ஏறிக் காய்த்திருந்தது.
இரண்டு பறித்தேன்.
யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ராத்திரி ஆலங்கட்டி மழை.
இருட்டுக்குள் மணிகள்.
எல்லாம் இல்லை,
துருப்பிடிக்காதவை மட்டும்.
டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கட்டைவிரல் தானாக அசைந்தது,
பன்னிரண்டு விநாடிக்கு ஒருதரம்.

நேற்று புது லாரி.
நீலம்.
சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.
இடம் எங்கே இருக்கிறது என்றேன்.
டிரைவர் சிகரெட் புகையை
அண்ணாந்து ஊதினான்.
மேலே பார், என்றான்,
எவ்வளவு காலியாய்க் கிடக்கிறது.