பல் தெரியக்கூடாது

நான்கு ரோட்டில்
செருப்புக் கடைக்கு மேல்மாடி ஸ்டுடியோ.
மூன்று பேர் போனோம்: நான், பர்கத், அம்சவேணி.
வெள்ளைத் திரை. இரண்டு காதும் தெரியணும்.
முடியை ஒதுக்கு. கண்ணாடியைக் கழற்று.
"வாயை மூடிக்குங்க.
விசா போட்டோல பல் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவான்."

அம்சவேணிதான் முதலில் சிரித்தாள்,
கையால் மறைக்காமல்.
எந்தக் கல்யாண வீட்டு கேமராவுக்கும்
திறக்காத வாய் எங்களுடையது.
எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ
எங்களை நினைத்தே ஒரு விதி எழுதியிருக்கிறார்.

சொல்லிவிடுகிறேன்.
பென்னாகரம் பக்கத்து போர்த் தண்ணீர் குடித்து
பால்பல் விழுந்தபின் முளைத்ததெல்லாம்
டீக்கறை போல வரிவரியாய் முளைத்தது.
நாங்கள் வளர்ந்தபின் குழாயில் காவிரி வந்தது.
என் தம்பிக்கு வெள்ளைப் பல்.
ஒரே அம்மா, ஒரே சோறு,
வேறு தண்ணீர்.

பர்கத்தின் போனில் இரண்டு கடிகாரம்,
மேலே தர்மபுரி, கீழே டப்ளின்.
முதல் பீரியடில் காதோரம் சொல்வான்,
"அங்க இன்னும் விடியல",
தூங்குகிறவர்களை
எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல் குரலைத் தாழ்த்தி.

அம்சவேணி ஜெர்மன் படிக்கிறாள்,
ஆறரை மணி பாலக்கோடு பஸ்ஸில்
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு.
மேசை ஆண். கதவு பெண்.
தண்ணீர் இரண்டும் இல்லை.
கண்டக்டர் ஒருநாள் கேட்டார்: "தக்காளி?"
"பொண்ணுண்ணே."
"அது கிடக்கட்டும், அங்க கிலோ என்ன விலையாம்?"
அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

வங்கி மேலாளர் என் மதிப்பெண்ணைப் புரட்டவில்லை.
பட்டாவைப் புரட்டினார்.
ஒன்றேகால் ஏக்கர்.
"கிணறு இருக்கா?"
"போர் இருக்கு சார்."
"தண்ணி?"
அப்பா என்னைப் பார்த்தார்.
"இருக்கு சார்" என்றேன்.
எப்படிப்பட்ட தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை
சொல்லியிருப்பேன்.

"ஏன் இந்தப் படிப்பு? ஐந்நூறு சொற்களில்."
பதினான்கு போர்வெல், பதினான்கு பாட்டில்,
மூடி தொலைந்த ஒன்பதாவது,
அதற்காக மறுபடி நடந்த நாலு கிலோமீட்டர்,
எல்லாம் எழுதினேன்.
சேலம் ஏஜென்சி அக்கா சிவப்பில் அடித்தார்:
"ஒரே சோகமா இருக்கே.
சின்ன வயசுலேர்ந்து அறிவியல்மேல ஆர்வம்னு ஆரம்பிம்மா."
ஆரம்பித்தேன். அழித்தேன்.
கடைசி நாள், இரவு பதினொன்றே முக்கால்,
பாட்டில்களையே திரும்ப எடுத்து வைத்து அனுப்பினேன்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
பர்கத் கொட்டாவி விட்டான்.
அவன் கடிகாரத்தில் இன்னும்
ஐந்தரை மணி நேரம் இருந்ததாம்.

இப்போது வியாழக்கிழமை நேர்காணல், வீடியோவில்.
படம் மட்டும் கேட்டவர்கள்
இனி பேசச் சொல்கிறார்கள்.

ஃப்ளூரைடு.
ஆய்தம் போட்டு எழுதிவிடலாம்.
சொல்வதென்றால்
மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்.
வேறு வழியே இல்லை, பார்த்துவிட்டேன்.
உதட்டை மூடிச் சொன்னால்
வேறேதோ பொருளாகிவிடுகிறது,
எந்த ஆய்வகத்திலும் இல்லாத ஒன்று.

ஹாஸ்டல் குழாயடிக் கண்ணாடியில்
சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.
வாயின் ஆவி படிந்து
என் முகம் போகிறது, வருகிறது.
பின்னால் வாளியோடு நிற்கிற செவ்வந்தி,
அரூர்க்காரி, பொறுமை கிடையாது:
"பல்லு விளக்கியாச்சா இல்லையாடி?"

இரு,
இன்னும் ஒரு தடவை.