அத

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில்
நோர்வூட் தொழிற்சாலைக்கு வந்தவன் நான்.
தேயிலையில் காம்பைப் பிரிக்கும் இயந்திரம்
என் பொறுப்பு.
கண்ணிமைக்கும் முன் அதன் கேமரா
கறுப்பு எது பழுப்பு எது என்று பார்த்துவிடும்.
ஒரே ஊது காற்று.
காம்பு அந்தப் பக்கம், இலை இந்தப் பக்கம்.

சிங்களம் படிக்க
நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.
தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொண்டேன்.
அத என்றால் இன்று.
நாலு பக்கம் தள்ளி,
அத என்றால் கை.
இரண்டும் வேற சத்தம் என்கிறான் மகன்.
"கேக்கலையாப்பா?"
கேட்கவில்லை.
நாற்பத்தேழு வயதுக் காது
வருவதையெல்லாம் பழைய டப்பாவில் போட்டு
மூடிவிடுகிறது.

அவன் நோட்டு வாங்கவில்லை.
போலீஸ் குவார்ட்டர்ஸ் பையன்களோடு
அவுட்டா இல்லையா என்ற சண்டையில் படித்தான்.
வாதத்தில் தோற்றால் மட்டை போய்விடும்,
மூன்றே மாதத்தில் வக்கீலாகிவிட்டான்.
சுகுணா விரலைக் காட்டியே கீரை வாங்குகிறாள்,
அவளுக்கு ஒரு கட்டு கூடுதலாகக் கிடைக்கிறது.

எனக்கு யாரோடு சண்டை?
கண்டக்டர் மீதிச் சில்லறையைத் தமிழில் தருகிறார்.
மருந்துக்கடைக்காரர்
நான் முதல் சொல்லைத் தேடும்போதே
"சொல்லுங்க, இருமலா?" என்கிறார்.
ஃபோர்மன் பண்டார,
என் வாக்கியம் கொண்டை ஊசி வளைவில் திணறும் பஸ்ஸாக
நிற்பதைப் பார்த்து
இறங்கிவந்து தமிழில் தள்ளிவிடுகிறார்.
இத்தனை நல்லவர்களுக்கு நடுவே
எப்படி ஒரு மொழி கற்பது?

இன்னொன்றும் உண்டு,
நோட்டில் எழுதாதது.
ஊரில் நான் பேச்சுக்காரன்.
யூனியன் கூட்டத்தில் மேனேஜரைச் சிரிக்க வைத்தே
போனஸை ஏற்றியவன்.
சிங்களத்தில் எனக்கு வயது இரண்டரை.
தண்ணி வேணும். பசிக்குது. பெரிய மழை.
அந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் விட
எனக்குக் கூச்சம்.
வாய்க்குள்ளேயே உட்கார வைத்து
மீசையால் கதவடைத்தேன்.

ஜூன் மழையில் ஒருநாள் பெல்ட் கையைக் கடித்தது.
டிக்கோயா ஆஸ்பத்திரி.
குருநாகல் பக்கத்திலிருந்து வந்த புது நர்ஸ்,
தமிழ் ஒரு சொல் கிடையாது.
துணைக்கு வந்தவன் துண்டு எடுக்கப் போயிருந்தான்.
"மகே அத ரிதெனவா" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள்,
சுவரில் காலண்டரைப் பார்த்தாள்,
அப்புறம்தான் துணியில் ஊறிய ரத்தத்தைப் பார்த்தாள்.
என்னுடைய இன்று வலிக்கிறதாம்.
ஊசியும் நூலுமாக நின்று சிரித்தாள்,
பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்தவர் சிரித்தார்,
மூன்றாவது தையலில் நானும்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனேன்.
ஜன்னலில் எதிர்மலை இல்லை, பனிதான்.
"அத கொஹொமத?" என்றாள்.
கையைக் கேட்டாளா, இன்றைக் கேட்டாளா.
எதற்கும் பொருந்தட்டும் என்று
"தாம ரிதெனவா" என்றேன்.
இன்னும் வலிக்கிறது.
அவள் அதோடு விடவில்லை,
வேறு ஏதோ கேட்டாள்,
நீளமாக, வேகமாக,
மீசை வைத்த ஓர் ஆளிடம் கேட்பதுபோல.
பாதி புரியவில்லை.
"ஆயெத் கியன்ன."
நூலின் முனையை இழுத்துக்கொண்டே
மறுபடி சொன்னாள்,
கொஞ்சமும் வேகம் குறைக்காமல்.