ஆறாம் பக்கத்துச் சரிவு

பத்து ஆண்டுகளில் எத்தனை முறை எழுதியிருப்பேன்
அந்த வினைச்சொல்லை.
கோத்தகிரி மார்க்கெட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை,
பகுதிநேர நிருபர்,
சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி.
கேரட் விலை சரிந்தது.
குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் சரிந்தது.
கோடை விழாக் கூட்டம் போன வருடத்தைவிடச் சரிந்தது.
ஜனவரியில் பாதரசம் மளமளவென்று சரிந்து
புல்லெல்லாம் உப்புப் பூத்தது.
எம்.எல்.ஏ.வின் செல்வாக்கு சரிந்ததை மட்டும்
டெஸ்க் எடுத்துவிட்டது.

எதையும் யாரும் தள்ளியதில்லை.
அந்தச் சொல்லின் வசதியே அதுதான்,
எழுவாய் தானே போய்ச் சேர்ந்துவிடும்.
யார் கை என்று கேட்க
வாக்கியத்தில் இடமிருக்காது.

ஐப்பசிக் கடைசியில், இரண்டு ராத்திரி விடாத மழைக்குப் பின்,
காலை ஆறேமுக்காலுக்கு
ஹேமாவதி போஜன் தோட்டத்தில்
நிஜமாகவே சரிந்தது.

ரெயின்கோட்டுக்குள் நோட்டை ஒளித்துக்கொண்டு போனேன்.
சரிவென்றால் வணிகப் பக்கத்தில் வருமே,
இடமிருந்து வலமாக இறங்கும் சிவப்பு அம்பு,
அது மாதிரி நினைத்திருந்தேன் போல.
சிவப்பு இருந்தது. அம்பு இல்லை.
பிளந்த இடத்தில் மண் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
செடி ஒன்றுகூடக் கவிழவில்லை.
கவாத்து செய்த மட்டத்தோடு,
வரிசை கலையாமல்,
நடுவில் நின்ற சில்வர் ஓக்கையும் கூட்டிக்கொண்டு
முப்பதடி கீழே போய் நின்றிருந்தன,
பெள்ளிராஜ் நிலத்தில்.

"சரிஞ்சதைப் பார்த்தீங்களா?"
"சரியலை. நடந்து போச்சு" என்றார் ஹேமாவதி.
"பல் விளக்கிட்டு நின்னேன். முதல்ல சத்தம்,
லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி.
அப்புறம் ஓக் மரம் குட்டையாயிட்டே போச்சு."

நாற்பத்தாறு செடிகள் நடந்து சென்றன
என்றே எழுதி அனுப்பினேன்.
கோவையிலிருந்து தனஞ்செயன் கூப்பிட்டார்.
"செடி எப்படிய்யா நடக்கும்? சரிந்ததுன்னு மாத்திட்டேன்.
உயிர்ச்சேதம்?"
இல்லை.
"மாடு கீடு?"
இல்லை.
"சரி, சரி."
போனுக்குள் இரண்டு கட்டி மண்
விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஆறாம் பக்கம்.
மேலே நான்கு பத்தி அகலத்தில்
பசுந்தேயிலை விலை கிடுகிடு சரிவு,
கிலோவுக்கு இரண்டு ரூபாய்.
அடியில், டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில்,
மண் சரிந்தது. நான்கரை சென்டிமீட்டர்.
சரிபார்த்தவரைக் குற்றம் சொல்ல முடியாது,
இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை.

ஹேமாவதி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ரெண்டும் எங்க வீட்டுச் சமாச்சாரம்தான்.
இதுல எது சார் பெருசா இறங்குச்சு?"

நல்லவேளை பெள்ளிராஜ் வந்துவிட்டார்,
பின்னாலேயே கிராம நிர்வாக அலுவலரும்.
அவர்கள் வழக்கு வேறு: இலை யாருக்கு?
செடி இவருடையது,
செடி பிடித்திருக்கும் மண்ணும் இவருடையது,
அந்த மண் உட்கார்ந்திருக்கும் மண் அவருடையது.
பட்டாவில் நகர்வதற்குக் கட்டம் கிடையாது.
அலுவலர் சர்வே எண்ணையும் ஓக் மரத்தையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டு
மழை வருகிறது என்று கிளம்பினார்.
பெள்ளிராஜ்தான் முடித்துவைத்தார்:
"இன்னைக்கு விக்கிற விலைக்கு
இதுக்குப் போயி யாரு கோர்ட் படி ஏறுறது?
நீங்களே பறிச்சுக்கோங்க.
என் கேரட் பாத்தியை மட்டும் மிதிக்காதீங்க."

மேலே சரிந்ததுக்கு
விலை சரிந்தது பஞ்சாயத்து பண்ணியது.
இதை அனுப்பினால்
"செய்தி எங்கே இருக்கு இதுல?" என்றது டெஸ்க்.

இன்று செவ்வாய். குன்னூரிலிருந்து ஏலத் தகவல் வந்துவிட்டது.
யார் கேட்கவே இல்லை,
யார் குறைத்துக் கேட்டார்கள்,
யார் மதியம் டீ குடிக்கப் போன இடத்தில் பேசிக்கொண்டார்கள்,
எல்லாம் பெயரோடு நோட்டில் இருக்கிறது.
விலை, என்று அடித்துவிட்டு
கர்சர் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஏழரைக்குள் அனுப்ப வேண்டும்.
யாரோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்கிறார்,
இரண்டு பக்கமும்.